உறைந்த ஏரியில் ஒரு பகல்

மார்ச் மாதமென்றால் எங்கள் சாய்ந்தமருதில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். பகல் பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு கடற்கரை மணலில் நடக்க முடியாது. அதே மார்ச் மாதத்தில், காலுக்குக் கீழே ஒன்றரை அடி ஐஸும் அதற்குக் கீழே முப்பதடித் தண்ணீருமாக, ஒரு ஏரியின் மேல் வாளியைப் போட்டு உட்கார்ந்து நான் மீன் பிடிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் 2019ஆம் ஆண்டு மார்ச் 9ஆந் திகதி சனிக்கிழமை அதுதான் நடந்தது.

கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இருக்கும் மகளிடம் மூன்று மாதம் தங்கி வரலாமென்று போயிருந்தேன். மருமகனும் நமது பக்கத்துப் பிள்ளைதான். கல்முனையில் கடலைப் பார்த்து வளர்ந்தவருக்கு மீன் பிடிக்காமல் இருக்க முடியவில்லை. கோடையில் படகிலும், குளிர்காலத்தில் ஐஸ் மேலும் போய்வருவாராம். "மாமி, இந்தக் கிழமைதான் கடைசி. அடுத்த கிழமை ஐஸ் என்னமாதிரி இருக்குமெண்டு சொல்லேலாது. நீங்களும் வாங்க" என்றார். பத்து வயதுப் பேரன், "உம்மம்மா வந்தாத்தான் நானும் போவேன்" என்று பிடிவாதம் பிடித்தான்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். அதை மறைக்க வேண்டியதில்லை. எனது வாப்பா கரைவலைத் தோணியில் போனவர். அலைச் சத்தத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். ஆனால் 2004 டிசம்பர் 26இல் வீட்டு வாசலுக்கு வந்த கடல் எனது ராத்தாவின் குடும்பத்தில் இருவரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் மனமொப்பிப் போனதில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து ஏரிக்கு மேல் நடக்க வா என்கிறார்கள்! இருந்தாலும் பேரன் போகும் இடத்தை என் கண்ணால் பார்க்க வேண்டுமென்று தோன்றியது. சரியென்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை இரவு மகளின் வீட்டு மண்டபம் முழுவதும் சாமான்கள் பரப்பியிருந்தன. ஒரு நாள் மீன்பிடிக்கு இவ்வளவா என்று கேட்டேன். "மாமி, குளிர் ஆளைக் கொல்லாது. ஈரந்தான் கொல்லும். இதில முக்கால்வாசி ஈரமாகாம இருக்கிறதுக்குத்தான்" என்றார் மருமகன். அந்த ஒரு வசனத்தின் அர்த்தம் அடுத்த நாள்தான் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அங்கே எல்லாம் கல்லாக உறைந்து கிடக்கும். பனி கூட மாவு மாதிரி இருக்கும்; உடுப்பில் விழுந்தால் தட்டிவிடலாம். மார்ச் மாதத்தில் நிலைமை வேறு. காலையில் உறைநிலைக்குக் கீழே, மத்தியானம் உறைநிலைக்கு மேலே. ஐஸ் மேல் கிடக்கும் பனி உருகிக் கஞ்சி போலாகிவிடும். நின்றால் சப்பாத்துக்குள் ஈரம், முழங்காலிட்டால் முழங்காலில் ஈரம், சாமானை வைத்தால் சாமானில் ஈரம். நனைந்த உடுப்போடு மாலைக் காற்றில் அகப்பட்டால் உடம்புச் சூடு வேகமாக இறங்கிவிடும். ஒரே குளிரானாலும், காற்று இழுக்கும் சூட்டைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துவிடுகிறது.

ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, உள்ளேயிருந்தும் வரும் என்று மகள் சொல்லித் தந்தாள். கனத்த உடுப்போடு சாமான்களை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தால் வியர்க்கும். பிறகு அசையாமல் உட்காரும்போது அந்த வியர்வையே குளிர்ந்து உடம்பை நடுங்க வைக்கும். ஆகவே, உடுப்பை மூன்று அடுக்காக உடுக்க வேண்டும். உடம்போடு ஒட்டியிருப்பது வியர்வையை வெளியே கடத்தும் மெல்லிய செயற்கை நூல் அல்லது மெரினோக் கம்பளி. அதற்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் கம்பளி. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத சட்டையும் காற்சட்டையும். பருத்தி மட்டும் கூடவே கூடாது. நமது நாட்டு வெயிலுக்குப் பருத்தியைப் போல் நல்லது வேறில்லை. ஆனால், எந்தக் குணத்துக்காக அதை நாம் விரும்புகிறோமோ, அதுதான் அங்கே கேடு. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இலேசில் காயாது.

அங்கேதான் நான் பிழை விட்டேன். உள்ளே மகள் தந்த கம்பளி உடுப்புகளைப் போட்டேன். மேலே அவளுடைய நீண்ட குளிர்ச்சட்டையும் போட்டேன். ஆனால் இரண்டுக்கும் நடுவே, கணுக்கால் வரை தொங்கும் எனது பருத்திக் கவுணை விட மனம் வரவில்லை. "உம்மா, தண்ணி புகாத காற்சட்டையை உடுத்து, முழங்காலுக்குக் கீழ வரைக்கும் இந்தக் கோட்டைப் போட்டா எல்லாம் மறைஞ்சுதானே இருக்கு. கவுண் வேணாம்" என்று மகள் எத்தனையோ தரம் சொன்னாள். வயது போனவர்கள் சொல் கேட்பதில்லை என்று நாமே நமது உம்மாமாரைக் குறை சொன்ன காலம் நினைவுக்கு வருகிறது!

மருமகன் தூண்டில்களை ஆயத்தம் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நமது கடல் தூண்டிலோடு ஒப்பிட்டால் அவை விளையாட்டுச் சாமான்கள். தடி இரண்டடி நீளந்தான். ஐஸில் போடும் துளைக்குப் பக்கத்திலேயே உட்கார்வதால் நீண்ட தடி தேவையில்லை. நூல் நமக்குத் தெரிந்த தங்கூசிதான். நான்கு இறாத்தல் தாங்கக்கூடிய மெல்லியது. முறுக்கிப் பின்னிய நூல் பலமானதென்றாலும் தண்ணீரை உறிஞ்சி, காற்றுப் பட்டதும் கம்பி போல உறைந்துவிடுமாம். தங்கூசி அவ்வளவாக உறிஞ்சாது. நுனியில் பயற்றங்கொட்டையளவில் ஒரு ரங்ஸ்ரன் குண்டு, அதோடு ஒரு சிறிய கொளுக்கி. ரங்ஸ்ரன் ஈயத்தைவிடப் பாரமானது. ஆகவே சிறிதாக இருந்தாலும் விரைவாக அடிக்குப் போய்விடும். தடியின் நுனியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றையும் பொருத்தினார். குளிர்ந்த தண்ணீரில் மீன் வெடுக்கென்று இழுக்காது, வாயால் மெதுவாகத் தொட்டுப் பார்க்குமாம். அந்தச் சிறு அசைவைக் கம்பிச்சுருள் காட்டிக்கொடுக்கும்.

பிறகு சாமான் கட்டும் வேலை. நீண்ட பிளாஸ்டிக் சறுக்குவண்டி ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றி, ஒவ்வொன்றையும் கயிற்றால் வண்டியோடு பிணைத்தார். எதுவும் ஐஸ் மேல் நேரடியாக வைக்கப்படக் கூடாது. வைத்தால் நனையும், அல்லது வழுக்கித் துளைக்குள் போய்விடும். மூடியுள்ள வாளிகள் இரண்டு. ஒன்று உட்காருவதற்கும் மீன் போடுவதற்கும். மற்றதை மகள் எடுத்துக்கொண்டாள். ஆளுக்கொரு சோடிக் காலுறை, சப்பாத்துக்குள் வைக்கும் கம்பளி உறை, கையுறை, பேரனுக்கு ஒரு முழு உடுப்பு, இரண்டு துவாய் எல்லாவற்றையும் பொலித்தீன் பைகளில் தனித்தனியாகக் கட்டி அதற்குள் அடுக்கினாள். கையுறை மட்டும் ஆளுக்கு மூன்று சோடி. ஒன்று போட்டுக்கொள்ள, ஒன்று ஈர வேலைக்கு, ஒன்று சட்டைக்குள் சூடாக வைத்திருக்க. "இந்த வாளியை யாரும் அவசியமில்லாமத் திறக்கக் கூடாது" என்று சட்டம் போட்டாள்.

கடைசியாக மருமகன் எனது கழுத்தில் மாலை போல ஒன்றை மாட்டினார். ஒரு கயிற்றின் இரு முனையிலும் கைப்பிடியளவு மரக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் கூரான ஆணி. ஐஸ் உடைந்து தண்ணீருக்குள் விழுந்தால், ஈரக் கைக்கு வழுவழுப்பான ஐஸில் பிடி கிடைக்காது. இந்த ஆணிகளைக் குத்தி, காலை உதைத்து, வந்த திசைக்கே திரும்பி ஏற வேண்டும். ஏனென்றால் நம்மைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கந்தான் இருக்கிறது. ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு உருண்டு விலக வேண்டும். மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் என்பவர் தானே உறைநீருக்குள் இறங்கி ஆராய்ச்சி செய்தவர். ஒன்று, பத்து, ஒன்று என்ற அவருடைய கணக்கை அங்கே பலரும் சொல்கிறார்கள். விழுந்ததும் மூச்சை நிதானப்படுத்த ஒரு நிமிடம். கை கால்கள் சொல் கேட்பது பத்து நிமிடம். உடம்பு குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஒரு மணித்தியாலம். அவசரப்பட்டுப் பதறுவதே முதல் எதிரி. இதையெல்லாம் கேட்ட பிறகு அன்றிரவு எனக்கு நித்திரை எப்படி வரும்?

அதிகாலையில் புறப்பட்டு வடக்கே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாக ஓடியதும் ஜாக்சன்ஸ் பொயின்ற் என்ற கரையூர் வந்தது. முன்னால் சிம்கோ ஏரி. அதன் பரப்பு 722 சதுர கிலோமீற்றர். அம்பாறையிலுள்ள நமது சேனாநாயக்க சமுத்திரத்தை ஏறக்குறைய ஒன்பது தடவை அதற்குள் வைக்கலாம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவே சிறு சிறு குடிசைகள், கூடாரங்கள், மனிதர்கள். வயல்வெளியில் அறுவடைக்கு வந்தவர்கள் போலத் தெரிந்தது.

கரையில் எனது கால்கள் நின்றுவிட்டன. மருமகன் முன்னால் போய், நமது அலவாங்கு போன்ற நீண்ட இரும்பால் ஐஸை ஓங்கிக் குத்தினார். "டங்" என்று கேட்டது. "இந்தச் சத்தம் வந்தாச் சரி. 'சொத்' எண்டு கேட்டாத் திரும்பி வந்திரணும்" என்றார். ஒவ்வொரு சில அடிக்கும் ஒரு குத்து. பின்னால் சறுக்குவண்டி, அதன் பின்னால் நாங்கள், ஒருவருக்கொருவர் சில அடி இடைவெளி விட்டு. எல்லோரும் மிதவைச் சட்டை போட்டிருந்தோம். வியர்க்காதபடி மெதுவாக நடந்தோம். சறுக்குவண்டி இழுத்த மருமகன் வெளிச்சட்டையின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டுத்தான் இழுத்தார்.

ஐஸில் ஆள் நடப்பதற்குக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் தடிப்பான தெளிந்த ஐஸ் வேண்டுமென்று அங்கே அறிவுறுத்துகிறார்கள். பனி கலந்து வெள்ளையாக உறைந்த ஐஸ் அதில் பாதிப் பலந்தான். ஆனால் மார்ச் மாதத்தில் தடிப்பை மட்டும் நம்பக் கூடாதாம். வெயில் உள்ளே இறங்கி, ஐஸை மேலிருந்து கீழாக மெழுகுதிரிகளைக் கட்டி வைத்தது போலப் பிரித்துவிடும். பார்த்தால் ஒரு முழம் தடிப்பிருக்கும். குத்தினால் குச்சி குச்சியாக உதிரும். ஆறு வந்து கலக்கும் இடத்திலும் நீரோட்டம் உள்ள ஒடுக்கத்திலும் ஐஸ் என்றும் மெலிந்தே இருக்கும். இந்த ஏரியின் வடகோடியில், ஒரில்லியா நகருக்குப் பக்கத்தில் அப்படியொரு ஒடுக்கம் உண்டு. அங்கே ஆதிக்குடி மக்கள் தடிகளை நட்டு மீன்களை மறித்துப் பிடித்த மின்ஜிகானிங் அடைப்புகள் ஏறத்தாழ 5000 வருடப் பழமையானவை என்று மகள் சொன்னாள். நமது ஆற்றுவாய்களில் குச்சி நட்டு மீன் மறிப்பவர்களை நினைத்துக்கொண்டேன். தண்ணீர் வேறு, குளிர் வேறு. வயிற்றுக்காக மனிதன் கண்ட வழி ஒன்றாகத்தான் இருக்கிறது.

கரையிலிருந்து அரை மைலளவில் நின்றோம். மருமகன் துறப்பணத்தால் எட்டங்குல அகலத்தில் துளை போட்டார். ஒன்றரை அடி கடந்ததும் கறுப்பாகத் தண்ணீர் பொங்கி வந்தது. அந்தத் தண்ணீர் காலடியில் தேங்காதபடி ஓரத்தில் பனியைக் குவித்து வரம்பு கட்டினார். வயலுக்குக் கட்டுவது போலவே. துளையில் மிதக்கும் ஐஸ் துண்டுகளைக் கண்ணகப்பையால் அள்ளி வீசினார். நிற்பதற்கு ஈரம் உறிஞ்சாத ரப்பர் பாய் விரித்தோம். காற்றுக்கு மறைவாகச் சிறிய கூடாரம். அதற்குள் எரிவாயு அடுப்பு வைக்கும்போது காற்றுப் போக்கிடங்களை மூடக் கூடாது. மூடினால் நச்சு வாயு தேங்கி உயிருக்கே ஆபத்து. அதோடு, மூச்சும் அடுப்பு ஆவியும் கூரையில் படிந்து சொட்டுச் சொட்டாக நம்மேலேயே விழும்.

"இவ்வளவு குளிருக்குள்ள மீன் எப்படி உயிரோட இருக்கு?" என்று பேரனிடம் கேட்டேன். பள்ளியில் படித்ததைச் சொன்னான். தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகப் பாரமானது. ஆகவே அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிட, அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறைகிறது. ஐஸே ஏரிக்குப் போர்வையாகி, கீழே மீன்கள் வாழ்கின்றன. படைத்தவனின் ஏற்பாட்டை ஒரு சிறுவன் ஐஸ் மேல் நின்று எனக்குச் சொல்லித் தருகிறான்!

எனக்கும் ஒரு நாள் அனுமதிப்பத்திரம் வாங்கியிருந்தார்கள். அது இல்லாமல் வெளிநாட்டவர் தூண்டில் தொட முடியாது. நூலை அடி தட்டும்வரை இறக்கி, ஓரடி உயர்த்தி, மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் ஒன்றுமில்லை. பிறகு கம்பிச்சுருள் இலேசாக வளைந்தது. வாப்பாவின் மகளல்லவா, கை தானாகவே சுண்டியது! பொன்னும் பச்சையும் கலந்த உடம்பு, அதில் மேலிருந்து கீழாகக் கரும்பட்டைகள், செம்மஞ்சள் செட்டை. மஞ்சள் பெர்ச் என்ற மீன். முதுகு முள் குத்தும், கவனமாகப் பிடிக்க வேண்டும். பெர்ச் கூட்டமாகத் திரியும்; ஒன்று வந்தால் பின்னால் பத்து வரும். வசந்தத்தில் ஐஸ் போனதும் முட்டையிடுவதற்காக, கடைசிப் பனிக்காலத்தில் நன்றாக இரை தின்னுமாம். பேரனும் நானும் போட்டி போட்டோம். பத்து மணிக்குள் பதினெட்டு மீன்கள். ஒரு முழு அனுமதிப்பத்திரத்துக்கு 50 பெர்ச் வரை எடுக்கலாம். அவ்வளவும் எடுக்க வேண்டுமென்று மருமகனுக்கு ஆசை.

பதினொரு மணிக்கு வெயில் ஏறியது. சுற்றிலும் பனி கஞ்சியாகத் தொடங்கியது. அப்போதுதான் எனது கால்கள் குளிர்வதை உணர்ந்தேன். குனிந்து பார்த்தால், கவுணின் ஓரம் கஞ்சித் தண்ணீரில் தோய்ந்து, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல ஈரத்தை முழங்கால் வரை இழுத்திருந்தது. தண்ணீர் சப்பாத்துக்குள்ளும் வழிந்திருந்தது. நிழலில் இருந்த பக்கம் உறைந்து தகரம் மாதிரி விறைத்து நின்றது. மகளிடம் சொல்ல வெட்கம். சொல்லாமல் இருந்தேன். அதுவும் பிழை. குளிர் தொடங்கும்போதே சொல்ல வேண்டும். விரல்கள் மரத்த பிறகு உதவி செய்வதும் கஷ்டம்.

அந்த நேரம் "உம்மம்மா!" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் பேரன் ஒரு கால் தொடை வரை உள்ளே போய், மற்றக் கால் மடங்கி, ஐஸ் மேல் கிடந்தான். யாரோ முன்னைய நாட்களில் போட்டு விட்டுப்போன துளை. உருகிய தண்ணீர் அதற்குள் ஓடி ஓடி அதை அகலமாக்கியிருந்தது. மேலே பனிக் கஞ்சி மூடியிருந்ததால் தெரியவில்லை. எனக்கு 2004 ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது. எழுந்து ஓடப் பார்த்தேன். "மாமி, ஓடாதீங்க!" என்று மருமகன் கத்தினார். அவர் தரையோடு தரையாகத் தவழ்ந்து போய், பிள்ளையின் மிதவைச் சட்டையின் தோள்பட்டியைப் பிடித்து இழுத்தெடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஆனால் பிள்ளையின் சப்பாத்து நிறைய உறைநீர்.

இப்போது மகளின் வாளி திறந்தது. கூடாரத்துக்குள் வைத்து நனைந்த உடுப்புகளைக் கழற்றினாள். துவாயால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள், தேய்க்கவில்லை. உலர்ந்த காலுறை, சப்பாத்துக்குப் புதிய கம்பளி உறை, புது உடுப்பு. நனைந்த சப்பாத்தின் உட்புறத்தைத் துடைத்து, காலுறைக்கு மேல் அந்தப் பொலித்தீன் பையையே போட்டுச் சப்பாத்துக்குள் காலை வைத்தாள். குடுவையிலிருந்து சூடான கோப்பி கலந்த பால். பத்து நிமிடத்தில் பிள்ளையின் உதடு பழைய நிறத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் எனது கவுணைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தனது உலர்ந்த காலுறையை எடுத்து எனது காலுக்குப் போட்டுவிட்டு, கவுணைச் சுருட்டி இடுப்பில் சொருகிக் கட்டிவிட்டாள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எனது உம்மா செய்தது போல.

இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கலாமென்று மருமகன் சொல்வாரென நினைத்தேன். சொல்லவில்லை. தூண்டில்களைச் சுருட்டத் தொடங்கினார். எங்கள் துளைகளுக்குப் பக்கத்தில், மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி மரக்கிளைகளை நட்டு வைத்தார். கரையை அடைந்தபோது இன்னொரு பாடம் காத்திருந்தது. காலையில் மண்ணிலிருந்து நேரே ஐஸில் கால் வைத்தோம். இப்போது இரண்டுக்கும் இடையே ஓரடித் தண்ணீர்! கரையிலுள்ள கல்லும் மண்ணும் வெயிலில் சூடேறி, ஓரத்து ஐஸை முதலில் உருக்கிவிடுகின்றன. நடுவில் உறுதியாக இருக்கும்போதே கரை கழன்றுவிடும். சறுக்குவண்டியில் ஏன் ஒரு பலகை வந்ததென்று அப்போதுதான் விளங்கியது. அதைப் போட்டு ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம்.

அன்று மாலை தொலைக்காட்சியில் செய்தி போனது. அமெரிக்க எல்லைக்குள் ஈரி ஏரியில், ஒஹாயோ மாநிலத்தின் கற்றோபா தீவுப் பக்கத்தில், மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களோடு ஐஸ் பாளம் கரையை விட்டுப் பிரிந்து மிதந்துவிட்டதாம். 46 பேரை மீட்டிருக்கிறார்கள். இன்னும் நூறு பேரளவில் தாங்களாகவே கரை சேர்ந்திருக்கிறார்கள். நாங்கள் ஐஸ் மேல் இருந்த அதே நாள்! அதே ஏரியில் 2009 பெப்ரவரியிலும் இப்படி நடந்து, 134 பேர் மீட்கப்பட்டு, ஒருவர் உயிரிழந்தார் என்று மருமகன் சொன்னார். அந்த முறை, ஐஸில் இருந்த வெடிப்பின் மேல் மரச் சட்டங்களைப் பாலமாகப் போட்டுக் கடந்து போயிருந்தார்களாம். காற்றுத் திசை மாற, வெடிப்பு அகன்று, திரும்பும் வழி அற்றுப்போனது. நாங்கள் கடந்த பலகையை நினைத்து நான் பேசாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் போவதாகத்தான் முதலில் திட்டம். கூட்டாளிமார் தொலைபேசியில் அழைத்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை, மார்ச் 15ஆந் திகதியோடு அந்த ஏரியில் ட்ரவுட், வெண்மீன் பருவம் முடிகிறது. குடிசைகளையும் அகற்றிவிட வேண்டும். இந்த வருடத்துக்கு இதுதான் கடைசி விடுமுறை நாள். மருமகன் யன்னலடியில் நின்று வெளியே பார்த்தார். தென்றல் திசையிலிருந்து காற்றெழுந்திருந்தது. மழை வருமென்றும் சொன்னார்கள்.

நான் அவரிடம் போக வேண்டாமென்று சொல்லவில்லை. வாப்பாவைப் பற்றி ஒரு கதை சொன்னேன். ஒரு நாள் விடியற்காலை, தோணியைத் தள்ளும் நேரத்தில், வாப்பா வானத்தைப் பார்த்து, தண்ணீரைக் கையால் அளைந்து பார்த்து, "இண்டைக்கு வேணாம்" என்றார். மற்றவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஒரு நாள் உழைப்புப் போனால் ஒரு நாள் அடுப்பெரியாது. அன்று கடல் ஒன்றும் செய்யவில்லை. நல்ல அமைதியாகவே இருந்தது. எல்லோரும் வாப்பாவைப் பகிடி பண்ணினார்கள். அதற்குப் பிறகும் பல நாள் அவர் அப்படியே திரும்பினார். அநேகமான நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வாப்பா எழுபது வயதைத் தாண்டி, தனது கட்டிலில்தான் கண் மூடினார்.

மருமகன் சிரித்தார். பிறகு கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்து, "நான் வரல்ல, நீங்களும் போகாதீங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காற்று எங்கள் ஏரியில் என்ன செய்ததென்று நான் விசாரிக்கவில்லை. ஒன்றும் நடக்காமலே இருந்திருக்கலாம். அதனால் எங்கள் முடிவு பிழையாகிவிடாது.

அன்று வீட்டில் பெரிய வேலை, உலர்த்தும் வேலைதான். சப்பாத்துக்குள்ளிருந்த கம்பளி உறைகளை வெளியே எடுத்து, சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்தோம். இரண்டு மணித்தியாலத்துக்கொரு முறை தாளை மாற்றினால் ஈரம் முழுவதும் வந்துவிடும். அடுப்புக்கோ சூடாக்கிக்கோ மிகக் கிட்ட வைத்தால் ரப்பர் வெடித்துவிடும். தூண்டில் நூலைத் துடைத்துச் சுற்றி, கொளுக்கிகளைத் துருப்பிடிக்காமல் உலர்த்தி, ஐஸ் ஆணிகளின் முனைக்குக் கார்க்கு மாட்டி வைத்தார் மருமகன்.

பெர்ச் மீன்களைத் தோலுரித்து, முள் எடுத்து, மஞ்சள், கொச்சிக்காய்த் தூள், மிளகு, தேசிக்காய்ப் புளி, உப்புப் பிரட்டி அரை மணித்தியாலம் வைத்தேன். சினையைத் தனியாக எடுத்து வெங்காயம், பச்சைக் கொச்சிக்காயோடு சுண்டினேன். தேங்காயெண்ணெயில் பொரித்தெடுத்தால், நமது ஆற்று மீனைப் போல் சேற்று மணமில்லை. வெள்ளைச் சதை, இனிப்பான ருசி. "உம்மம்மா பிடிச்ச மீன்" என்று பேரன் எண்ணி எண்ணிச் சாப்பிட்டான்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் குளிர்காலத்தில் போகும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். உறைந்த ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டால் தாராளமாகப் போங்கள். அது மறக்க முடியாத காட்சி. ஆனால் ஐஸைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர்களோடு மட்டும் போங்கள். பருத்தி உடுப்பை வீட்டில் வைத்துவிட்டு, மாற்று உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போங்கள். கால் நனைந்தால் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். எனது கவுண் மூன்று நாள் கொடியில் கிடந்துதான் காய்ந்தது. ஊருக்கு வரும்போது அதை மகளிடமே விட்டுவிட்டு வந்தேன். அடுக்களைத் துணிக்கு உதவுமென்று.